மைதானத்துக்குள் ஓடிய மசூமா

பழக் கிடங்கில் என்னோடு ஆப்பிள் தரம் பிரிக்கிற மசூமா, ஆப்கானிஸ்தானிலிருந்து வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. "சனிக்கிழமையானா ஊரே எங்க போயிடுது ப்ரான்வின்?" என்று கேட்டாள். "வா, காட்டுறேன்" என்று காரில் ஏற்றிக்கொண்டேன்.

எங்கள் ஊர் ஃபுட்பாலில் பந்தைக் கையாலும் பிடிக்கலாம்; குளிர்காலத்தில் அதைக் காருக்குள் உட்கார்ந்துதான் பார்ப்போம். மைதானத்து வேலியை முட்டிக்கொண்டு வட்டமாகக் கார்கள் நிற்கும். நான்கு கோல் கம்பங்களில் நடு இரண்டுக்கும் இடையில் நம் ஆள் பந்தை உதைத்துவிட்டால் எல்லோரும் ஹார்ன் அடிப்போம். முதல் தடவை ஹார்ன்கள் அலறியபோது மசூமா தலையைப் பொத்திக்கொண்டு குனிந்துவிட்டாள். அவள் முதுகைத் தடவி, "சந்தோஷத்துல அடிக்கிறாங்கடி" என்றேன். மெதுவாக நிமிர்ந்தாள்.

"நான் அடிக்கலாமா?"

அதற்குப் பிறகு அவளை நிறுத்த முடியவில்லை. எதிரணியின் கோலுக்கும் அடித்தாள். பக்கத்துக் காரிலிருந்த நெவில் கண்ணாடியை இறக்கினார். "ப்ரான்வின், அந்தம்மா எந்தக் கட்சி?"

"நல்லா உதைச்சான்ல?" என்றாள் மசூமா.

என் மகன் டெக்லன் பந்துக்காக எகிறும்போதெல்லாம் நான் கண்ணை மூடிக்கொள்வேன். "எந்திரிச்சுட்டான், கண்ணத் தொற" என்று என் கணவர் ராஸ் சொல்வார். அவர் இறந்துபோய் இது இரண்டாவது குளிர்காலம்.

அன்று டெக்லன் பந்தைப் பிடிக்க ஒருவன் தோளில் முழங்காலை ஊன்றி எகிறினான். கண்ணை மூடினேன். தொப்பென்ற சத்தம் எங்கள் கார்வரை கேட்டது. கூட்டம் அடங்கிப்போயிற்று.

"ப்ரான்வின், பையன் எந்திரிக்கல" என்றாள் மசூமா.

நான் கண்ணைத் திறக்கவில்லை. கார்க் கதவுதான் திறந்தது. அதற்குமேல் பொறுக்க முடியாமல் கண்ணைத் திறந்து பார்த்தேன். மசூமா வேலியைத் தாண்டி, நீளக் கோட்டைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு சேற்றில் ஓடிக்கொண்டிருந்தாள். நடுவர் விசில் ஊத ஊத நிற்கவில்லை. டெக்லன் பக்கத்தில் மண்டியிட்டுக் கன்னத்தில் கை வைத்தாள்.

"டேய், உங்கம்மா ஆளனுப்பிட்டாங்கடா!" என்று எதிரணிக்காரன் ஒருவன் சொல்ல, சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

மசூமா என் பக்கம் திரும்பி, இரண்டு கையையும் வாயருகில் குவித்துக் கத்தினாள்: "ப்ரான்வின்! மூச்சு விடறான்! அவனும் சிரிக்கிறான்!"

ஸ்டீயரிங்கில் தலையைச் சாய்த்து அழுதேன்.

நடுவர் அவளை வேலிவரை கூட்டிவந்தார். "வெளியாளுங்க உள்ள வரக்கூடாதும்மா."

"வேற யாரு வரலாம்?"

"டாக்டர் வரலாம். தண்ணி குடுக்கிறவங்க வரலாம்."

"தண்ணி நான் குடுப்பேனே!"

கிளப்புக்கு அந்த வேலைக்கு ஆளே கிடைக்காமல் இருந்தது. அடுத்த சனிக்கிழமை பளீரென்ற மஞ்சள் சட்டையைக் கோட்டுக்கு மேலேயே மாட்டிக்கொண்டு, பாட்டில்களோடு மைதானம் முழுக்க ஓடினாள். எதிரணிக்காரன் கை நீட்டினாலும் கொடுத்தாள்.

"அது நம்ம தண்ணி!" என்று நெவில் அலறினார்.

"குழாயில இன்னும் வருது!" என்று திருப்பிக் கத்தினாள்.

அன்றும் தோற்றோம், அதுவும் படுமோசமாக. கிளப் அறையில் ஹீட்டர் பக்கத்தில் அவளை உட்காரவைத்து, ஊறிப்போன காலுறைகளைக் கழற்றினேன். டெக்லன் தன் துண்டைக் கொடுத்தான். விறைத்திருந்த பாதங்களை மடியில் வைத்துத் துடைத்துவிட்டேன். அவள் சுடச்சுட உருளைக்கிழங்கு சிப்ஸை ஊதி ஊதித் தின்றபடி கேட்டாள்: "நாளைக்கும் ஆட்டம் உண்டா?"

"அடுத்த சனிக்கிழமைதான்."

"ஒரு வாரமா!" என்றாள், சலிப்போடு.