இன்னும் இரண்டு நாள்

சுகாதார நிலையத்திலிருந்து போன் வந்தபோது ராஜாமணி கணவருக்குச் சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கொரோனா. கணவர் தீர்த்தகிரிக்கும் மகன் முனிராசுக்கும் இல்லை. மதியம் வண்டி வரும், துணிமணி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள் என்றது அந்தக் குரல்.

"எத்தன நாளுங்க?" என்று மட்டும் கேட்டாள்.

"பத்து நாள்மா."

மீதியிருந்த இரண்டு பொத்தான்களையும் போட்டு முடித்தாள்.

தீர்த்தகிரிக்குப் பார்க்கின்சன் வந்து ஆறு வருடம் ஆகிறது. பாலக்கோட்டுப் பக்கம் தக்காளித் தோட்டம் வைத்திருந்தவர். முதலில் வலது கை நடுங்கியது. பிறகு நடை சுருங்கியது, குரல் தேய்ந்தது. முகத் தசைகள் இறுகி, சந்தோஷமா கோபமா என்று யாருக்கும் தெரியாமல் போயிற்று. ராத்திரியில் தானாகப் புரண்டு படுக்க முடியாது. நாலு முறையாவது எழுந்து ராஜாமணிதான் திருப்பிப் போட வேண்டும்.

ஊரடங்குக்கு முன்னால் அப்படியும் நாள் ஓடியது. காலையில் டீக்கடை வரைக்கும் நடப்பார். யாராவது கைபிடித்துக் கொண்டுவந்து விடுவார்கள். ஊரடங்கில் கடையை மூடினார்கள், வீட்டுக்கு வருகிறவர்களும் வருவதை நிறுத்தினார்கள். தருமபுரியில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்த டாக்டர், "அதே மாத்திரையைத் தொடருங்க" என்று போனிலேயே சொல்லிவிட்டார். தீர்த்தகிரி கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார ஆரம்பித்தார். ராஜாமணி கொஞ்ச நாள் பேச்சுக் கொடுத்துப் பார்த்தாள், பிறகு விட்டுவிட்டாள். டிவியில் சாவுக் கணக்கு சொன்னால், நாளைக்கு மழை வரும் என்று கேட்பது போலக் கேட்டார்கள். அவளுக்கு அழுகை வரவில்லை. பசியும் தெரியவில்லை. மணியைப் பார்த்துச் சாப்பிட்டாள்.

ஓசூர் கம்பெனி வேலை நின்றுபோய் முனிராசு வீட்டில்தான் இருந்தான். வாசலில் தள்ளி நின்றுகொண்டு அவனுக்கு எல்லாவற்றையும் சொன்னாள். ஏழு மணி, பதினோரு மணி, மூன்று மணி, மறுபடி ஏழு மணி மாத்திரை. தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக. பாத்ரூமுக்குத் தனியாக விடக் கூடாது. அவன் போனில் குறித்துக்கொண்டான். வண்டி கிளம்பும்போது பக்கத்து வீட்டுக்காரி, "அவர நெனச்சா உனக்கு எப்டி இருக்கும்!" என்று கண்ணைத் துடைத்தாள். ராஜாமணிக்கு எப்படியும் இல்லை.

ஒரு கல்லூரி விடுதியை கேர் சென்டராக மாற்றியிருந்தார்கள். கொடுத்த கட்டிலில் படுத்தவள், மறுநாள் மதியம்தான் கண்விழித்தாள்.

"நீ செத்துட்டன்னே நெனச்சேன். நர்ஸக் கூப்டுக் காட்னேன்" என்றாள் பக்கத்துக் கட்டில் மாதம்மாள்.

காலையில் கபசுரக் குடிநீர், மதியம் சாப்பாடும் அவித்த முட்டையும், சாயங்காலம் சுண்டல். எல்லாம் யாரோ செய்து கொண்டுவந்து கொடுத்தார்கள். சாப்பிட்டாள், தூங்கினாள். மாதம்மாள் ஓயாமல் பேரன்களைப் பற்றிப் பேசினாள். ராஜாமணி வீட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. முனிராசு போன் செய்தால், "சாப்ட்டாரா, மாத்திர போட்டாரா" என்று கேட்டுவிட்டு வைப்பாள். ஒரு முறை தீர்த்தகிரியின் காதில் போனை வைத்தான். மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. அவள் வைத்துவிட்டாள்.

பத்தாம் நாள் டாக்டர் நிர்மலாதேவி விரலில் ஆக்சிஜன் கருவியை மாட்டிப் பார்த்தார். "தொண்ணூத்தெட்டு. இன்னைக்குப் போலாம்மா."

"இருமல் இருக்குதுங்க."

"நாலு நாளா இவங்க இருமவே இல்லீங்க மேடம்" என்றாள் நர்ஸ்.

டாக்டர் நர்ஸை அனுப்பிவிட்டு, "வூட்ல யாரும்மா?" என்று கேட்டார். ராஜாமணி சொன்னாள். யாருடைய கதையையோ சொல்வது போல இருந்தது.

"நெனச்சு அழுவீங்களா?"

"இல்லீங்க. ஒண்ணுமே வர்றதில்ல. இன்னும் ரெண்டு நாள் இருந்துக்கறங்க."

டாக்டர் அவளையே பார்த்தார். பிறகு சீட்டில் 'சோர்வு, இரண்டு நாள் கண்காணிப்பு' என்று எழுதினார்.

அந்த இரண்டாம் நாள் காலையில் முனிராசு கூப்பிட்டான். "அப்பா உழுந்துட்டாரு. பாத்ரூம் வாசப்படியில. புருவத்துல மூணு தையல். முந்தாநாளே வந்துடுவன்னுதான சொன்ன?"

"வர்றேன்" என்றாள்.

வீட்டில் தீர்த்தகிரி நெற்றியில் கட்டோடு உட்கார்ந்திருந்தார். முனிராசு சவரம் செய்துவிட்டதில் தாடி திட்டுத்திட்டாக நின்றது. மூலையில் ரத்தம் காய்ந்த துண்டு கிடந்தது. ராஜாமணி அதை எடுத்துப்போய் வாளியில் ஊறப்போட்டாள். மனசு அடித்துக்கொள்ளும் என்று காத்திருந்தாள். அடித்துக்கொள்ளவில்லை.

முனிராசின் கண்கள் சிவந்து உள்ளே போயிருந்தன. "பன்னெண்டு நாளாத் தூக்கமில்ல, ம்மா" என்றான். சண்டைக்கு வந்தவன் போய்ப் படுத்துக்கொண்டான்.

மூன்று மணி மாத்திரையை எடுத்துக்கொண்டு அவள் கணவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"முந்தாநாளே அனுப்பறேன்னாங்க. நான்தான் இருமல்னு பொய் சொன்னேங்க. வர மனசில்ல."

அவர் உதடு அசைய வெகுநேரம் ஆயிற்று. காதை அருகே கொண்டுபோனாள்.

"நல்லாத் தூங்குனியா?"

"தூங்குனேன்."

"தலகாணி ஒறையில... கையப் போட்டுப் பாரு."

கையை விட்டாள். ஈரம் பட்டு மாவாகி ஒட்டிக்கொண்ட மாத்திரைகள். எட்டோ ஒன்பதோ. முனிராசு அந்தப் பக்கம் திரும்பியதும் வாயிலிருந்து எடுத்து ஒளித்திருக்கிறார். மாத்திரை இல்லாமல்தான் கால் தரையோடு ஒட்டி நகராமல் விழுந்திருக்கிறார்.

"என்னாத்துக்கு?"

"நீ அங்கியே... நிம்மதியா இருந்துட்டுப் போ. நான் இருந்து... என்னா பண்ணப் போறேன்."

வேறு ஒரு நாளாக இருந்தால் மாரில் அடித்துக்கொண்டு கத்தியிருப்பாள். இப்போது சேலை முந்தியில் விரல்களைத் துடைத்தாள். இவருக்கும் உள்ளே தன்னைப் போலத்தான் இருக்கிறது என்று தோன்றியது. முகம் மட்டும்தான் இறுகியிருக்கிறது என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள்.

"இத முழுங்குங்க. நான் பாத்துட்டே இருக்கேன்" என்றாள். விழுங்கினார். வாயைத் திறந்து காட்டச் சொன்னாள். காட்டினார்.

பிறகு முனிராசை எழுப்பித் தலையணை உறையைக் காட்டினாள். அவன் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். அழட்டும் என்று நின்றாள். "எனக்கும் செரியில்ல முனிராசு. ஒண்ணும் தோண மாட்டேங்குது. நாளைக்கு ரெண்டு பேரையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ" என்றாள்.

மறுநாள் ஈ-பாஸ் எடுத்துக் காரில் தருமபுரி மருத்துவக் கல்லூரிக்குப் போனார்கள். இரண்டு பெயரில் இரண்டு சீட்டு. மனநல டாக்டர், பார்க்கின்சன் நோய்க்கே மனசை அமுக்கும் குணம் உண்டு, வீட்டுக்குள் அடைந்து கிடந்ததில் அது கூடிவிட்டது என்றார். அவருக்கு ஒரு புது மாத்திரை, அவளுக்கும் ஒன்று. தினமும் யாராவது அவரை வெளியே நடத்திக் கூட்டிப்போக வேண்டும், வாரத்தில் இரண்டு ராத்திரியாவது அவள் தனியாகத் தூங்க வேண்டும் என்று முனிராசைப் பார்த்துச் சொன்னார். புதனும் சனியும் அவன் முறை ஆயிற்று.

புது மாத்திரைகளால் உடனே ஒன்றும் மாறிவிடவில்லை. தீர்த்தகிரி சுவரைப் பார்த்துத்தான் உட்கார்ந்தார். ராஜாமணி மணியைப் பார்த்துத்தான் சாப்பிட்டாள். ஒன்றரை மாதம் போயிற்று.

ஒரு வியாழக்கிழமை காலை, அவர் கை உதறி காபி டம்ளர் சாய்ந்து, அப்போதுதான் மடித்து வைத்த துணிகள் மேலெல்லாம் கொட்டியது.

"கொஞ்சம் பாத்துப் புடிக்கக் கூடாதுங்களா? இப்பதான மடிச்சேன்! எத்தன வாட்டிதான் தொவைக்கறது நானு?"

கத்திவிட்டு ராஜாமணி அப்படியே நின்றாள். நெஞ்சு படபடவென்று அடித்தது. அவளுக்கே அந்தக் குரல் புதிதாக இருந்தது.

தீர்த்தகிரி அவளை நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் வழக்கம்போல ஒன்றும் தெரியவில்லை.

"திட்டு" என்றார். "நீ திட்டி... எத்தன நாளாச்சு."

அவள் துணிகளை அள்ளிக்கொண்டு துவைகல்லுக்குப் போனாள். துவைத்து முடிக்கும்வரை கோபம் இருந்தது.