ஆற்றங்கரையில் ஒரு செஃப்

மனோகரன் சிங்கப்பூர் ரெஸ்டாரண்ட் ஒன்றில் செஃப் என்று மாமனார் வீட்டில் ஐந்து வருடமாகப் பேச்சு. அதைக் கிளப்பிவிட்டவனே அவன்தான். உண்மையில் அங்கே அவன் தட்டு கழுவுகிறான். பொய் சொன்னால் அளவாகச் சொல்லித் தொலைக்க வேண்டாமா? ஜப்பான் கத்தி, பிரெஞ்சு சாஸ் என்று இஷ்டத்துக்கு அளந்துவிட்டிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை குடும்பமே பெக்கோக் நீர்வீழ்ச்சிக்குப் போனது. அடுப்பு மூட்டியாயிற்று. கோழியை வெட்டப் போனால், கொண்டுபோன ஒரே கத்தி தோல்மேல் வழுக்கியது.

"நம்ம செஃப் இருக்காருலா, என்ன கவலை!" மனைவி ஷாமளாவின் அண்ணன் ரூபேந்திரன் கத்தியை நீட்டினான். "மாப்பிள்ளை, ஆத்துல கல்லுக்கா பஞ்சம்? தீட்டிக் குடுங்க."

மனோகரன் கத்தியை வாங்கிக்கொண்டான். மூங்கில் புதருக்குப் பின்னால் போய் உட்கார்ந்தான். கைக்குக் கிடைத்த சொரசொரப்பான கல்லில், தண்ணீர்கூடத் தொடாமல், பாத்திரம் தேய்ப்பதுபோலப் பரபரவென்று தேய்த்தான். இருந்த கொஞ்சநஞ்சக் கூரும் போய்விட்டது. இன்றைக்கு மானம் கப்பலேறப் போகிறது. கத்தியை ஆற்றில் போட்டுவிட்டு, கை நழுவிவிட்டது என்று சொல்லலாமா என்றுகூட யோசித்தான், வெட்கங்கெட்டவன்.

"குடுங்க."

ஷாமளா பின்னால் நின்றாள். கல்யாணத்துக்கு முன்பு ரப்பர் எஸ்டேட்டில் பால்மரம் வெட்டியவள்; தினமும் கத்தி தீட்டிப் பழகிய கை. வழவழப்பான கல் ஒன்றைத் தேடியெடுத்து நனைத்தாள். கத்தியைச் சாய்த்துப் பிடித்து, தண்ணீர் தெளித்துத் தெளித்து, இருபக்கமும் நிதானமாக இழுத்தாள். பிறகு காய்ந்த மூங்கிலில் நாலு இழுப்பு. ஓர் இலையை வைத்துப் பார்த்தாள், இரண்டாகிவிட்டது.

கத்தியை அவன் கையில் திணித்துவிட்டு முன்னால் நடந்தாள். "அண்ணே, அவரு தீட்டிட்டாரு!"

எல்லாரும் கைதட்டினார்கள். மாமனார் கோழித் தொடையை ஒரே வெட்டில் பிளந்து, "தொழில் தெரிஞ்ச கைலா" என்றார். மனோகரன் கூசிப்போனான். மனைவி நாலு திட்டு திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான்.

ஷாமளா தனியாக அகப்பட்டதும் மெல்லக் கேட்டான்: "உனக்கு எப்பத் தெரியும்?"

"மொத மாசமே. சமைக்கிறவங்க கை இப்படியா சோப்புத் தண்ணில ஊறி வெடிச்சிருக்கும்?" அவள் குரலை உயர்த்தவில்லை. "தட்டு கழுவுறதுல எனக்கு ஒண்ணும் வெக்கம் இல்லங்க. நீங்களா சொல்வீங்கன்னுதான் அஞ்சு வருஷமா பார்த்துக்கிட்டு இருக்கேன்."

அடுப்படியிலிருந்து மாமனார், "செஃப்பு, உப்பு பாருங்க!" என்று கூப்பிட்டார்.

ஷாமளா அவன் முகத்தையே பார்த்தாள்.

"இதோ வர்றேன் மாமா" என்றான் மனோகரன்.