பாதிச் சவரம்

வாசல் மரம் பூத்துவிட்டால் சலூன்காரருக்கு இருப்புக்கொள்ளாது. மகரந்தத்தூள் பட்டாலே அடுக்குத் தும்மல். மாத்திரை போட்டாலோ கண் சொருகும். கத்தி பிடிக்கிற கைக்கு இரண்டும் ஆகாது. இன்று நாற்காலியில் சாய்ந்திருந்தவர் டாக்டர் என்பதால், ஒரு கன்னத்தை வழித்து முடித்த கையோடு இதற்கு என்ன வைத்தியம் என்று கேட்டுவிட்டார்.

"மூக்குல அடிக்கிற மருந்து இருக்கு, நல்லா கேக்க ரெண்டு வாரமாகும். ஊசின்னா மூணு வருஷம். அவசரமே இல்ல, நிதானமா யோசிச்சு முடிவு பண்ணுங்க," என்றார் டாக்டர்.

கத்தி தொண்டைக்கு வந்திருந்தது. சலூன்காரருக்கு மூக்கு குறுகுறுத்தது. "டாக்டர், வருது," என்றவர், கையை விலக்கிக்கொண்டு ஏழு தும்மல் போட்டார்.

நிமிர்ந்தபோது டாக்டர் எழுந்து நின்று மருந்துச்சீட்டு எழுதிக்கொண்டிருந்தார். "மூக்கு மருந்த இன்னைக்கே ஆரம்பிச்சிடுங்க."

"இந்தக் கன்னத்துல நுரை அப்படியே இருக்கே?"

"அதுக்கு ரெண்டு வாரம் கழிச்சு வர்றேன்."