வெள்ளிக்கிழமைத் தொடர்கதை

என் வீட்டுக்காரர் ஆத்மநாதன் பத்துப் பன்னிரண்டு வருஷம் ராஜா கதை எழுதியவர். புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்தபோது, கச்சேரியில் குமாஸ்தாவாக இருந்த இவரைத் திருச்சி ஆபீசுக்குப் போகச் சொன்னார்கள். போக முடியாது என்று எழுதிக் கொடுத்துவிட்டு, அன்னவாசலில் அப்பா கட்டிய வீட்டுக்கு வந்து உட்கார்ந்து எழுத்தாளராகிவிட்டார். ஊரில் ராஜா போன கையோடு இவர் காகிதத்தில் ராஜாக்களை உண்டாக்க ஆரம்பித்தார். வாள், சுரங்கப்பாதை, முகத்திரை போட்ட இளவரசி. ஜட்கா வண்டியில் ஏறினாலே இடுப்பைப் பிடித்துக்கொள்கிற மனுஷர், வாரா வாரம் குதிரை மேல் பாய்ந்து ஏறினார். சென்னைப் பத்திரிகைக்காரர்களுக்கு அது பிடித்திருந்தது. எங்கள் அடுப்பும் எரிந்தது. நான் குறை சொல்லவில்லை.

அறுபத்தொன்றாம் வருஷம், நாற்பத்தெட்டு வயதில், "சொர்ணம், இனிமே குதிரை வேணாம். நானும் ஆண்டியப்பனும் வளந்த கதைய எழுதப்போறேன்" என்றார்.

"தலை நரைச்ச பெறகு மீசை மொளைச்ச கதையாக்கும்?" என்று கேட்டேன்.

அவருக்குக் கோபம் வரவில்லை. "மீசை மொளைச்சப்ப எனக்கு எழுதத் தெரியலையே" என்றார்.

ஆண்டியப்பன் இவருடைய சோட்டுப் பையன், ஒரே வயசு. இரண்டு தெரு தள்ளி வீடு. பதினேழு வயதில் செட்டியார் ஒருவரின் கடைக்குச் சமையல் வேலைக்கென்று ரங்கூனுக்குக் கப்பல் ஏறினான். நடுவில் ஒரு தடவை ஊருக்கு வந்து செங்கமலத்தைக் கல்யாணம் பண்ணி, ஆறு மாசம் இருந்துவிட்டுத் திரும்பிப் போனான். அந்த வருஷக் கடைசியிலேயே ரங்கூனில் ஜப்பான்காரன் குண்டு விழுந்தது. பிழைத்தவர்கள் காடு மலையெல்லாம் நடந்து ஊர் வந்து சேர்ந்தார்கள். ஆண்டியப்பன் வரவில்லை. பார்த்தேன் என்று ஒருவர் சொன்னார், அது வேறு ஆள் என்று இன்னொருவர் சொன்னார். அதற்கு மேல் ஒரு தகவலும் கிடையாது.

செங்கமலம் அப்போது பதினெட்டு வயதுப் பெண். இப்போது முப்பத்தெட்டு. கழுத்தில் தாலி இருந்தது, நெற்றியில் குங்குமம் இருந்தது, புருஷன் மட்டும் இருக்கிறானா இல்லையா என்று தெரியாது. பன்னிரண்டு வருஷம் ஆனதும் சொந்தக்காரர்கள் கருமாதி பண்ணிவிடலாம் என்று கூடிப் பேசினார்கள். மாமியார் காத்தாயி அத்தை விடவில்லை. "பொணத்தக் காட்டுங்கடா, அழுவுறேன்" என்று எல்லாரையும் விரட்டிவிட்டாள். ஆக, ஊரில் கல்யாணம் காட்சி என்றால் செங்கமலத்தை யாரும் கூப்பிடவும் மாட்டார்கள், வராதே என்று சொல்லவும் மாட்டார்கள்.

தொடர்கதை வர ஆரம்பித்ததும் மாமியாரும் மருமகளும் வெள்ளிக்கிழமைதோறும் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். பகல் பஸ்ஸில் பத்திரிகை வரும். இரண்டு பேருக்கும் படிக்கத் தெரியாது. கூடத்தில் உட்காரவைத்து நான் வாசிப்பேன். அத்தை முந்தியில் வறுத்த கடலை முடிந்து வருவாள். போகும்போது, வெள்ளிக்கிழமையாயிற்றே என்று செங்கமலத்துக்கு முன்னால் குங்குமச் சிமிழை நீட்டுவேன். வேறு எந்த வீட்டிலும் அவளுக்கு நீட்ட மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். அவளும் ஒரு விரலால் தொட்டு வைத்துக்கொண்டு போவாள்.

கதை நன்றாகத்தான் இருந்தது. ஒப்புக்கொள்ளாமல் என்ன செய்வது? சித்தன்னவாசல் மலையில் ஏறி, சமணர் படுக்கைகளில் ஆளுக்கொன்றாக மல்லாந்து கிடந்து, பெரியவனானதும் என்னவாகப் போகிறோம் என்று இரண்டு பையன்கள் பேசுகிற இடத்தை வாசிக்கும்போது, இந்த மனுஷர் இத்தனை நாள் எதற்குக் குதிரை ஓட்டிக்கொண்டிருந்தார் என்று எனக்கு ஆத்திரமே வந்தது.

"அன்னைக்கித்தான் முட்டி பேந்து வந்தான்" என்றாள் அத்தை. "மஞ்சப்பத்துப் போட்டது நாந்தான். அதையும் எழுதியிருக்கானே, பாரு. ஒரு சொல்லு பிசகலையே!"

வினை அங்கேதான் ஆரம்பித்தது. கப்பல் ஏறுகிற வரைக்கும் நடந்த கதை. அதற்குப் பிறகு ரங்கூன் எல்லாம் இவராக எழுதியது. பள்ளிக்கூடத்து மேப்பையும், திருமயத்தில் பர்மாவிலிருந்து திரும்பிய இரண்டு கிழவர்களிடம் கேட்டதையும் வைத்துக்கொண்டு, ஆண்டியப்பனை அங்கே நடக்கவைத்தார், சிரிக்கவைத்தார், செங்கமலத்துக்குப் பட்டுக்குடை வாங்கவைத்தார். எங்கே நிஜம் முடிந்தது, எங்கே இவர் கை ஆரம்பித்தது என்று எனக்குத் தெரிந்தது. அவர்களுக்குத் தெரியவில்லை. முட்டி பேந்தது நிஜம் என்றால் பட்டுக்குடையும் நிஜம்தானே?

ஒரு வெள்ளிக்கிழமை அத்தை எழுந்து இவர் எழுதுகிற அறைக்கே போய்விட்டாள்.

"ஏப்பா ஆத்மநாதா, குடை வாங்குனது வரைக்கும் ஒனக்குத் தெரிஞ்சிருக்கு. இப்ப எங்கிட்டு இருக்கான்னும் தெரியுமில்ல?"

இவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "ஆத்தா, ரங்கூன் சமாச்சாரம் நானாக் கட்டுனது ஆத்தா. நான் ரங்கூனப் பாத்ததே இல்ல."

"அப்ப முட்டி பேந்ததும் நீ கட்டுனதா?"

"அது நடந்தது."

"அதான் பாத்தேன்" என்று சிரித்தாள் கிழவி. "சொல்ற நாளைக்குச் சொல்லு. எம் மகனக் கொண்டாந்து வீட்டுல விட்டுரு. அது போதும் எனக்கு."

அந்த மாதமே பத்திரிகையிலிருந்து தாக்கீது வந்தது: தீபாவளிக்குப் புதுத் தொடர் ஆரம்பிக்கிறோம், மூன்று வாரத்தில் முடித்துக்கொள்ளவும். இவர் மனதில் முடிவு முதலிலிருந்தே இருந்தது. காட்டு வழியில் நடந்து வரும்போது ஆண்டியப்பன் சாகிறான், செய்தி வருகிறது, அன்றைக்குத்தான் மற்றவன் பெரியவனாகிறான். அந்த ஒரு நாளுக்காகத்தான் மொத்தக் கதையும் எழுதியது.

முடிவு வரப்போகிறது என்று ஊருக்குத் தெரிந்ததும், காத்தாயி அத்தையின் மூத்த மகன் பழனிச்சாமி வந்தார். துண்டை மடியில் போட்டுக்கொண்டு மரியாதையாக உட்கார்ந்தார்.

"வையாசில மகளுக்குக் கல்யாணம் வச்சிருக்கேன். தம்பி விஷயத்த இப்படியே இழுத்துக்கிட்டுக் கெடக்க முடியாதுல்ல? அவன் இல்லைன்னு புஸ்தகத்துல வந்துட்டா ஆத்தா ஒத்துக்கிரும். முன்னாடியே சொல்லிட்டீங்கன்னா நாளு பாத்துக் கருமாதிய முடிச்சிருவோம். அந்தப் புள்ள தாலியையும் கழட்டிரலாம்."

நான் காப்பி டம்ளரைப் பட்டென்று அவர் முன்னால் வைத்தேன். இவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, இது கதை, இது கதை என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பழனிச்சாமி தலையை ஆட்டிக்கொண்டே கேட்டுவிட்டு, காப்பியைக் குடித்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் செங்கமலம் தனியாகக் கொல்லைப்பக்கம் வந்தாள். நான் கிணற்றடியில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன்.

"அக்கா, அண்ணன்கிட்டச் சொல்லி முடிச்சுவிடச் சொல்லுங்க."

"எப்படி முடிக்கச் சொல்றே?" என்றேன்.

"எப்படின்னாலும் சரி. இருக்காருன்னா, எங்க இருக்காரோ போய் நல்லா நாலு வார்த்தை கேட்டுட்டு வாரேன். இல்லைன்னா, அழுதுட்டு நெல்லு அவிக்கப் போறேன். காலையில எந்திரிச்சுப் பொட்டு வச்சா யாருக்கு வச்சிருக்கான்னு கேக்குறாக. வைக்காட்டி ஏன் வைக்கலைங்குறாக. கண்ணாடியப் பாக்கவே பிடிக்கலக்கா. ரெண்டுல ஒண்ணு அண்ணன் வாயால வந்துட்டாப் போதும்."

இவரிடம் போய்ச் சொன்னேன். சும்மா சொல்லவில்லை, சண்டையே போட்டேன். "ஒரு அத்தியாயத்துல நானூறு பேரக் கொன்னீகளே! சேனாபதிய யானைக் கால்ல போட்டீக, இளவரசன மலையிலேருந்து தள்ளுனீக. இப்ப ஒரு ஆளுக்கு ஒரு முடிவு எழுத இந்தப் பாடா?"

"அவங்களுக்கெல்லாம் ஆத்தா இல்ல, சொர்ணம்" என்றார்.



அன்று சாயங்காலம் சட்டையை மாட்டிக்கொண்டு காத்தாயி அத்தை வீட்டுக்குக் கிளம்பினார். நானும் கூடவே போனேன். பழனிச்சாமி, அவர் பெண்சாதி, பக்கத்து வீட்டார், எல்லாரையும் வைத்துக்கொண்டு, கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னார். "எனக்கு ஆண்டியப்பனப் பத்தி ஒண்ணுமே தெரியாது. அவன் இருக்கானா இல்லையான்னு ஒங்களுக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் எனக்கும் தெரியும். நான் எழுதுறத நம்பி எதையும் செஞ்சிராதீங்க." கடைசி வார்த்தைகளில் அழுதேவிட்டார்.

அதுதான் தப்பாகப் போயிற்று. கூடியிருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "வீடு தேடி வந்து அழுவுறாருன்னா சேதி நல்ல சேதி இல்ல" என்று பக்கத்து வீட்டுக்காரி முணுமுணுத்தாள். காத்தாயி அத்தை வாயில் சேலையை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். செங்கமலம் மட்டும் அடுப்படி வாசலில் நின்று, "சொல்லிருங்கண்ணே, சொல்லிருங்க" என்று கெஞ்சினாள். தெரியாததை எப்படிச் சொல்வார்?

அந்த மூன்று வாரமும் வீடு வீடாகவே இல்லை. ஆண்டியப்பனைச் சாகடித்து எழுதுவார். செங்கமலத்தின் கழுத்து ஞாபகம் வந்து கிழித்துப் போடுவார். ஊருக்குக் கொண்டுவந்து எழுதுவார். அத்தை பஸ் நிற்கிற இடத்துக்குப் போய் உட்கார்ந்துகொள்வாளே என்று அதையும் கிழிப்பார். ரங்கூனிலேயே இருக்கட்டும் என்று நான் சொன்னேன். "அட்ரஸ் கேப்பாங்களே" என்றார். கிழித்த காகிதமே போதும், வெந்நீர் அடுப்புக்கு அந்த நாட்களில் விறகே தேவைப்படவில்லை. நான் அதைச் சொல்லிச் சிரிக்கப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை.

கடைசியில் ஒரு அத்தியாயம் வந்தது. காடு கடந்து ஒரு பெரிய ஆற்றங்கரைக்கு ஆண்டியப்பன் வந்து சேர்கிறான். ஜனம் ஓடத்துக்குக் காத்து நிற்கிறது. பொழுது சாய்கிறது. மடியில் பட்டுக்குடையை வைத்துக்கொண்டு, தன் முறைக்காக அவன் கரையில் உட்காருகிறான். அவ்வளவுதான்.

"எனக்குத் தெரிஞ்சது இம்புட்டுத்தான்" என்று காகிதத்தை என்னிடம் கொடுத்தார். படித்துவிட்டு அழுதேன். அவர் எழுதியதிலேயே அதுதான் உசத்தி. பொய் சொல்லாமல் தப்பித்துவிட்டோம் என்று சந்தோஷமாகக்கூட இருந்தது. நானே போய்த் தபாலில் சேர்த்தேன்.

அது அச்சான பிறகு எத்தனை பாராட்டு! கொழும்பிலிருந்து எழுதினார்கள், மதுரையிலிருந்து ஒரு தமிழ் வாத்தியார் எழுதினார். முடிவை வாசகர்களிடமே விட்டுவிட்ட துணிச்சல் என்று கூட்டத்தில் பேசினார்களாம். வாசகர்களிடம் விட்டாராம். அந்த வாசகர்களில் இரண்டு பேர் பத்திரிகை வந்த வெள்ளிக்கிழமை என் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

நான் வாசித்தேன். அத்தை கடலை முடிச்சை அவிழ்க்காமலே கேட்டாள். செங்கமலம் குளித்து, தலை முடிந்து, நல்ல சேலை கட்டி வந்திருந்தாள். எந்தச் சேதி வந்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் வந்திருந்தாள். ஆற்றங்கரையில் ஆண்டியப்பன் உட்கார்ந்ததும் நான் நிறுத்தினேன்.

"படி" என்றாள் அத்தை.

"அவ்வளவுதான் அத்தை."

"அக்கரைக்கு வரலையே! அடுத்த வாரமா?"

"அடுத்த வாரம் வேற கதை."

உள்ளறையில் இவர் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. வெளியே வரவில்லை.

செங்கமலம் என் பக்கமாகக் குனிந்து பக்கத்தின் அடியை விரலால் தொட்டாள். "இங்ஙன கீழ தனியா ஒண்ணு போட்டிருக்கே, அது என்னக்கா? அத வாசிக்கலையே நீங்க?"

"முற்றும்னு போட்டிருக்கு."

"அப்படின்னா?"

"முடிஞ்சிருச்சுன்னு."

அந்த எழுத்துகள் மேலிருந்து விரலை எடுத்தாள். "யாருக்குக்கா?" என்றாள்.

பத்திரிகையை மடித்து வைத்தேன். அத்தை முந்தியை அவிழ்த்துக் கடலையை என் மடியில் கொட்டிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். ஓடம் சின்னதா பெரிசா என்று எழுதியிருக்கிறதா என்று கேட்டாள். எழுதவில்லை என்றேன்.

பழக்கத்தில் மாடத்திலிருந்து குங்குமச் சிமிழை எடுத்துவிட்டேன். எடுத்த பிறகுதான் உறைத்தது. நீட்டினால் இன்னும் இருபது வருஷம் காத்திரு என்று சொல்வதாகும். நீட்டாவிட்டால் அவள் தாலியை நானே அறுப்பதாகும். சிமிழைத் திறந்து பிடித்துக்கொண்டு, முன்னாலும் போகாமல் பின்னாலும் போகாமல் நின்றேன். இவர் ஆற்றங்கரையில் ஏன் நிறுத்தினார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. புரிந்து என்ன பிரயோசனம்?

செங்கமலம் என் முகத்தைப் பார்த்தாள். அவளே கையை நீட்டி, விரலால் தொட்டு, நெற்றியில் வைத்துக்கொண்டாள்.

"வெள்ளிக்கிழமைதானேக்கா" என்றாள். "வேற என்ன செய்ய?"