வாசனைக்கு வைத்த பானை

கோரின் அந்தப் பானையை அடுப்பில் ஏற்றக் காரணமே அவளுடைய மாமனார்தான். ஆனால் அதை அவரிடம் சொல்லவா முடியும்?

இடுப்பு எலும்பு முறிந்து, அறுவைச் சிகிச்சை முடிந்து, லைல் ஹாஸ்டெட்டர் மகன் வீட்டோடு வந்து சேர்ந்தது செப்டம்பரில். அன்றிலிருந்து வீட்டில் ஒரு வாடை. வலிக்குத் தேய்க்கும் தைலம், சுருட்டுப் புகை ஊறிய கம்பளிச் சட்டை, துவைக்கத் தர மறுக்கும் போர்வை எல்லாம் கலந்த வாடை. வெயில் காலமாக இருந்தால் சன்னலைத் திறந்து விடலாம். மலையெல்லாம் சிவந்து, பென்சில்வேனியாக் குளிர் கதவிடுக்கில் நுழையத் தொடங்கிய பிறகு எதைத் திறப்பது?

முந்தின நாள்தான் தங்கையிடம் போனில், "வீடு பூரா கெழவன் நாத்தம்டி, தாங்க முடியல" என்று சொல்லிவிட்டுத் திரும்பினாள். சமையலறை வாசலில் கைத்தடியோடு லைல் நின்றிருந்தார். கேட்டாரா, கேட்கவில்லையா? முகத்தைப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. அந்த முகத்தில் எப்போதுதான் என்ன தெரிந்தது! கல்யாணமாகி இந்த மூன்று வருஷத்தில் அவர் அவளிடம் பேசிய பேச்சை ஒரு கைக்குள் அடக்கிவிடலாம். அவளுக்கும் அவரை எப்படிக் கூப்பிடுவது என்று பிடிபடவில்லை. அப்பா என்று வாயில் வரவில்லை. பெயர் சொல்லவும் துணிச்சல் இல்லை. "இங்க பாருங்க", "சாப்பாடு ரெடி" என்று மொட்டையாகவே ஓட்டிக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை காலை அவள் கணவன் ரஸ், நண்பன் வீட்டுக் கூரை வேலைக்கு உதவப் போய்விட்டான். வீடு மணக்கட்டும் என்று கோரின் பெரிய பானை நிறையத் தண்ணீர் வைத்தாள். ஆரஞ்சை வட்டமாக நறுக்கிப் போட்டாள். தொய்ந்துபோன ஆப்பிள், பட்டை, ஒரு கைப்பிடிக் கிராம்பு, அன்னாசிப்பூ. குப்பியின் அடியில் கிடந்த ஆப்பிள் சாற்றையும் கவிழ்த்தாள். படங்களில் பார்க்கும் பானைகளில் பச்சையாக ஒரு கொத்து மிதக்கும். அது இருந்தால்தான் காட்டு வாசனை. தொட்டியில் வளர்த்த ரோஸ்மேரிச் செடியோ காய்ந்து குச்சியாகிவிட்டது. வாசற்படியை ஒட்டி ஒரு புதர் தழைத்து நின்றது. தட்டையான ஊசி இலைகள், நடுநடுவே செக்கச்செவேலென்று சின்னப் பழங்கள். வீட்டோடு வந்த செடி. பைன் மாதிரி ஏதோ ஒன்று என்று நினைத்து, கொத்தாக நறுக்கி வந்து போட்டாள். தீயைக் குறைத்துவிட்டு இலை வாரப் போனாள். கொஞ்ச நேரத்தில் வாசனை வாசல்வரை வந்தது. சபாஷ் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

பின்கட்டை முடித்து, முன்பக்கத்து இலைகளை மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோது அடுத்த வீட்டு வெர்னா ஏணி இரவல் கேட்டு வந்தாள். பண்ணையில் பிறந்து வளர்ந்தவள், வாய் ஓயாதவள்.

"என்னடி இது, தெருமுனை வரைக்கும் மணக்குது! யாராவது வரப்போறாங்களா?"

"யாரும் வரல. உள்ள வாயேன், காட்டறேன்."

வெர்னா கரண்டியை எடுத்து விளையாட்டாகப் பானையைக் கிளறினாள். பச்சைக் கொத்து மேலே வந்தது. சிரித்துக்கொண்டிருந்த முகம் அப்படியே நின்றது.

"இதை எங்கேருந்து எடுத்த?"

"வாசப்படிகிட்ட இருக்கே, அந்தப் புதர். ஏன்?"

"இது யூங்கற செடி, கோரின். விஷம். எங்கண்ணன் வேலியா வளர்த்த இதே செடியை வெட்டிப் போட்டதை ரெண்டு கிடாரி தின்னுச்சு. நின்ன எடத்துலயே விழுந்துச்சு. தின்ன தழை வாயிலயே இருந்துச்சு."

"நான் இதைத் திங்கவா வச்சேன்? வாசனைக்குத்தானே..."

சொல்லி முடிப்பதற்குள் கோரின் கண்ணில் சர்க்கரை டப்பா பட்டது. மூடி திறந்து கிடந்தது. காலையில் அவள் சர்க்கரையைத் தொடவே இல்லை. அடுத்ததாகச் சுவரைப் பார்த்தாள். கொக்கியில் தொங்கும் கோப்பைகளில் இரண்டைக் காணோம்.

கூடத்துக்கு ஓடினாள்.

கூடத்தில் தொலைக்காட்சியில் பந்தாட்டம் ஓடிக்கொண்டிருந்தது. லைல் நாற்காலியில் சாய்ந்திருந்தார். பக்கத்து மேசையில் காலிக் கோப்பை, அடியில் ஒரு கிராம்பு ஒட்டிக்கொண்டு.

"இங்க பாருங்க! அடுப்புல இருந்ததைக் குடிச்சீங்களா?"

"ம்." திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஆப்பிள் சாறுதானே? நல்லாத்தான் இருந்துச்சு. கொஞ்சம் கசப்பு. சக்கரை போட்டேன்."

"எத்தனை கப்பு?"

"ஏன், அதுக்கும் கணக்கா?"

"எத்தனைன்னு சொல்லுங்க!"

அவள் கத்தியதில் அவர் திரும்பிப் பார்த்தார். அப்போதுதான் கவனித்தாள், அவர் கண்மணி இரண்டும் அகலமாக விரிந்து கறுத்துக் கிடந்தன. உதட்டை நாக்கால் தடவிக்கொண்டார், மரத்துப்போன உதட்டைத் தேடுகிறவர்போல. "தலை ஒரு மாதிரி..." என்றார். நாக்கு குழறியது. எழுந்திருக்கப் பார்த்தார்; கைத்தடி வழுக்கியது; நாற்காலியிலேயே தொப்பென்று விழுந்தார்.

"எழுந்திருக்காதீங்க லைல்! லைல்!"

அவர் பெயரை அவள் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்னது அவளுக்கே தெரியாது.

வெர்னா அவசர எண்ணை அழைத்து ஆம்புலன்சுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். கோரின் தன் போனில் விஷமுறிவு உதவி எண்ணைப் போட்டாள். மறுமுனையில் ஒரு பெண் குரல், அவசரமில்லாமல், ஆனால் ஒரு வார்த்தை வீணாக்காமல் கேட்டது. வயசு என்ன? இதயத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறாரா? செடி எவ்வளவு நேரம் கொதித்தது?

"நடக்க விடாதீங்க. வாந்தி எடுக்க வைக்காதீங்க. தானா எடுத்தா ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. எவ்வளவு குடிச்சார்? ஒரு கப்பா, ரெண்டா? அது ரொம்ப முக்கியம்மா."

"தெரியலையே! ரெண்டு கப்பைக் காணோம்!"

"அவர்கிட்டயே கேளுங்க."

கேட்டாள். அவர் அவளைப் பார்த்தார், ஆனால் பார்வை அவளைத் தாண்டி எங்கோ போனது. வாயோரம் எச்சில் வழிந்தது. வெர்னா அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உதட்டுக்குள் எண்ணிக்கொண்டிருந்தாள். எண்ணுகிற வாய் நின்று நின்று அசைந்தது. அந்த இடைவெளியில்தான் கோரினின் உயிரே போனது.

"ரொம்ப மெதுவா அடிக்குதுடி," என்றாள் வெர்னா. "நீ போய் அந்த இன்னொரு கப்பைத் தேடு. நான் பாத்துக்கறேன்."

கோரின் ஓடினாள். அவர் படுக்கும் அறை, கட்டிலடி, குளியலறை, தொட்டி. எங்கும் இல்லை. இரண்டையும் குடித்துவிட்டார், இரண்டையும் குடித்துவிட்டார் என்று மண்டைக்குள் ஒரே சத்தம். வீடெங்கும் பட்டையும் ஆரஞ்சும் கிராம்பும் கமகமவென்று மணந்தன. போகிற போக்கில் அடுப்பை அணைத்தாள். பின்கதவு ஒருக்களித்துத் திறந்திருந்தது.

வெளியே, காலையில் இலை வாரும்போது அவள் குளிர்ச்சட்டையைக் கழற்றிப் போட்டிருந்த பெஞ்சில், சட்டைக்குப் பக்கத்தில் இருந்தது அந்தக் கோப்பை. விளிம்புவரை நிறைந்து, சூடு ஆறாமல் இருக்க மேலே ஒரு சின்னத் தட்டு போட்டு மூடி. இடுப்பில் ஆணி அடித்த மனிதர், கைத்தடியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, சிந்தாமல் மூன்று படி இறங்கிக் கொண்டுவந்து வைத்திருக்கிறார். அவளுக்காக.

முன்பக்கம் போகாமல் இருந்திருந்தால் அதைப் பார்த்திருப்பாள். பார்த்திருந்தால் குடித்துமிருப்பாள். அவர் கொடுத்த ஒன்றை எப்படி மறுப்பது?

போனைக் காதில் வைத்தாள். "ஒண்ணுதான். ஒரு கப்புதான் குடிச்சிருக்கார். இன்னொண்ணு இங்க அப்படியே இருக்கு."

"நல்லது. அதைக் கொட்டாதீங்க. ஆஸ்பத்திரிக்கு எடுத்துட்டுப் போங்க. அந்தச் செடியில ஒரு கிளையும்."

ஆம்புலன்ஸ் வந்தபோது லைல் வாந்தி எடுத்து ஓய்ந்திருந்தார். முகம் சுண்ணாம்பு நிறம். ஏற்றும்போது அவர் கை எதையோ துழாவியது. கோரின் தன் கையைக் கொடுத்தாள். இறுகப் பிடிக்கவும் அந்தக் கையில் பலம் இல்லை. வண்டியில் பெட்டி ஒன்று டிக், டிக் என்று அவர் இதயத்தைச் சொல்லிக்கொண்டு வந்தது. பாலத்தைத் தாண்டும்போது அந்தச் சத்தம் தாறுமாறாக ஓடி, பிறகு நின்றது. கூட வந்த ஆம்புலன்ஸ் இளைஞர்கள் இருவரும் ஒரே சமயத்தில் எழுந்தார்கள். "நகருங்கம்மா!" மார்பில் மின்சாரம் பாய்ச்சும் பட்டைகளை ஒட்டினார்கள். உடம்பு தூக்கிப்போட்டது. கோரின் கண்ணை மூடிக்கொண்டாள். கடவுளிடம் என்ன கேட்டாள் என்று பின்னால் அவளுக்கு ஞாபகமே வரவில்லை.

டிக். நெடுநேரம் ஒன்றுமில்லை. டிக்.

ஆஸ்பத்திரியில் கழுத்து வழியாகக் கம்பியை விட்டு, வெளியே வைத்த கருவியால் இதயத்தை அடிக்க வைத்தார்கள். இன்றைய ராத்திரி தாண்டினால் பார்க்கலாம் என்றார் டாக்டர். ரஸ் தார் ஒட்டிய உடுப்போடு ஓடிவந்தான்.

"என்ன போட்ட அதுல?"

சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டே நின்றான். திட்டவில்லை, தொடவும் இல்லை. அந்த நிற்பைவிடப் பளாரென்று ஓர் அறை தேவலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

விஷம் என்றால் ஆஸ்பத்திரியிலிருந்து போலீசுக்குச் சொல்லாமல் இருக்க மாட்டார்கள். சாயங்காலம் ஓர் அதிகாரி வந்து எதிரே உட்கார்ந்தார். பண்பாகத்தான் பேசினார்.

"உங்களுக்கும் மாமனாருக்கும் எப்படிம்மா, ஒத்துப்போகுமா?"

கோரினுக்குத் தங்கையிடம் சொன்னது நினைவுக்கு வந்தது. அவர் கேட்டிருந்தால்? கண் விழித்து அதைச் சொன்னால்? சொல்லாமலே செத்துப்போனால், அப்போது இவர்கள் என்ன நினைப்பார்கள், ரஸ் என்ன நினைப்பான்? அவர் சாகக் கூடாது என்று வேண்டும்போதே, அவருக்காக வேண்டுவதா, தனக்காகவா என்று தெரியாமல் தன்னைக் கண்டே பயந்தாள்.

"ரொம்பப் பேசிக்க மாட்டோம்," என்றாள். "அவ்வளவுதான்."

மறுநாள் பிற்பகல் லைல் கண் திறந்தார். அதிகாரி மறுபடி வந்தார். கோரின் கதவோரம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே போகவும் பயம், விலகிப் போகவும் பயம்.

"அந்தப் பானையில இருந்ததைக் குடிக்கச் சொல்லி யாராவது குடுத்தாங்களா, சார்?"

"யாரு குடுப்பா? நானேதான் ஊத்திக்கிட்டேன்." குரல் கரகரத்தது. "என் பொண்டாட்டி இருந்த வரைக்கும் எங்க வீட்டு அடுப்புல பட்டையும் ஆரஞ்சும் கொதிச்சா அது குடிக்கறதுக்கு. வாசனைக்குன்னு ஒண்ணைக் கொதிக்க வைப்பாங்கன்னு யாருக்குத் தெரியும்?"

"மருமக உங்களைப் பத்தி ஏதாவது..."

"என்மேல நாத்தம் அடிக்குதுன்னு சொன்னா." லைல் மூச்சு வாங்கினார். "அடிக்கத்தான் செய்யுது. அதுக்கு அவ பானை வச்சா. கொல்ல நினைக்கறவ சன்னலைத் திறந்து விட்டிருந்தா போதுமே, நானே குளிர்ல போயிருப்பேன். எழுதிக்கிட்டுக் கிளம்புங்க."

அதிகாரி சிரிப்பை அடக்கிக்கொண்டு கிளம்பினார். கோரினால் சிரிக்க முடியவில்லை. சுவரோடு சரிந்து, நடைபாதைத் தரையில் உட்கார்ந்து அழுதாள். ரஸ் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். வெகுநேரம் கழித்துத் தன் தோளை அவள் தோளோடு சாய்த்தான்.

அந்தப் புதரைச் சங்கிலி போட்டு வண்டியில் கட்டி இழுத்து வேரோடு பிடுங்கினான் ரஸ். லைல் வீடு திரும்பினார், ஒரு சுற்று இளைத்து. யாரும் கேட்காமலே கம்பளிச் சட்டையைத் துவைக்கப் போட்டார். ஆனால் கோரினின் பயம் விட்டுப் போகவில்லை. காப்பிக் கடையில் பட்டை வாசனை வந்தால் பாதி வரிசையில் வெளியே வந்துவிடுவாள். மத்தியானம் அவர் நாற்காலியில் கண்ணயர்ந்தால், கையில் இருக்கும் வேலையைப் போட்டுவிட்டு வாசலில் வந்து நிற்பாள், போர்வை ஏறி இறங்குகிறதா என்று பார்க்க.

ஒரு நாள் போர்வை அசையவே இல்லை. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓர் அடி உள்ளே வைத்தாள்.

"இருக்கேன், இருக்கேன்," என்றார் லைல், கண்ணைத் திறக்காமல். "கதவைச் சாத்து. குளிருது."