வலது மூலையில் டூஹி

அமெரிக்காவில், டிராய் நகரில் எங்கள் தெருவில் கார்னீலியஸ் டூஹி நடந்துபோனால் சலூன்காரர் வாசலுக்கே வந்து சலாம் வைப்பார். பேஸ்பாலில் சம்பளத்துக்குப் பந்து எறிகிற ஆளாயிற்றே! அவர் மனைவி ஹொனோராவும் நானும் சட்டைக் காலர் சலவைக்கூடத்தில் அடுத்தடுத்து நின்று இஸ்திரி போடுகிறவர்கள். அவர்கள் வீட்டு விஷயம் எனக்கு வராமல் எங்கே போகும்?

இந்த வருஷம் மலக்கி பிரீன் என்று ஒருவன் அணிக்கு வந்தான். டூஹி ஓய்ந்தால் எறிவதற்கென்றே எடுத்த ஆள். அதுவரை வலது மூலையில் நின்று பந்து பொறுக்க வேண்டும். அன்றிலிருந்து டூஹிக்கு உருளைக்கிழங்கு தொண்டையில் இறங்கவில்லை. தோள் வீங்கியும் ஒரு ஆட்டத்தைக்கூட விட்டுக்கொடுக்கவில்லை.

"குதிரைத் தைலம் தேய்ச்சே என் கை எரியுதுடி," என்றாள் ஹொனோரா. "வலிக்குதுன்னு சொல்லித் தொலைங்கன்னா, 'சொன்னா அந்தப் பய பந்தை வாங்கிடுவான்'ங்கிறாரு."

சனிக்கிழமை ஆட்டத்தில் எதிரணி அவரை வெளுத்து வாங்கியது. எங்கள் ஆட்கள் எப்படியோ அடித்துச் சமமாக்கியிருந்தார்கள்.

"டூஹி அண்ணே, அந்தக் கை வாடகைக்கு எடுத்ததா?" என்று கூட்டத்தில் ஒருவன் கத்தினான்.

கேப்டன் ஓடி வந்தார். மைதானத்து எல்லைக் கயிற்றை ஒட்டி நின்றதால் எனக்கு எல்லாம் கேட்டது.

"கையில அடியா? சொல்லிடுய்யா. வெளிய உக்காரு, வேற ஆளை இறக்கிக்கலாம்."

"கை கல்லு மாதிரி இருக்கு."

காயமில்லாதவரை வெளியே அனுப்ப ஆட்டச் சட்டம் இடம் தராது. உள்ளே இருக்கிற இருவர் இடம் மாறிக்கொள்ளத்தான் முடியும். கேப்டன் அதைத்தான் செய்தார். பிரீன் நடுவுக்கு வந்தான். டூஹி வலது மூலைக்குப் போனார்.

பிரீன் எறிய, வந்தவனெல்லாம் காற்றை அடித்துவிட்டுத் திரும்பினான். கைதட்டல் எழும்போதெல்லாம் டூஹி குனிந்து புல்லைப் பார்த்தார். கடைசியில் ஒருவன் அடித்த பந்து அவர் பக்கம் உருண்டது. எடுத்து ஓங்கினார், கை இடுப்புக்கு மேல் எழவில்லை. பால்காரர் மாதிரி பந்தைச் சுமந்துகொண்டே ஓடி வந்தார். அதற்குள் அடித்தவன் மைதானத்தையே சுற்றி முடித்துவிட்டான். அந்த ஒரு ஓட்டத்தில் ஆட்டம் போயிற்று.

"ரொம்ப நன்றிண்ணே, நேர்லயே கொண்டாந்து குடுத்ததுக்கு," என்றான் பிரீன்.

சாயங்காலம் ஹொனோரா கத்தரிக்கோல் கேட்டு வந்தாள். சும்மா கொடுத்தனுப்ப மனசு வருமா? கூடவே போனேன். சட்டையைக் கழற்ற முடியாமல் டூஹி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவள் தோள்பக்கத் துணியை வெட்டிக்கொண்டிருக்கும்போதே என்னைப் பார்த்தார்.

"நான் அந்தப் பக்கம் போனப்புறம், பிரீன் பந்துல எத்தனை அடி விழுந்துச்சு?"

"ஒண்ணே ஒண்ணுதாங்க," என்றேன். "உங்ககிட்ட வந்தது."