குப்பம்மா ஓடிப்போகவில்லை

1

இந்தக் கதையை எனக்குச் சொன்னவள் அனு. பாண்டிச்சேரியில் பிரெஞ்சு மொழிபெயர்ப்பாளர். சொல்லி முடித்ததும், "எழுதிடாதீங்க" என்றாள். அன்றைக்கே எழுத உட்கார்ந்துவிட்டேன். அந்த உறுத்தலோடுதான் தொடங்குகிறேன்.

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: 'இந்தியப் பெருங்கடலின் நடுவே ஒரு தீவில், கரும்புக் காடுகளுக்கு'

வேண்டாம். தேவசகாயத்திலிருந்தே தொடங்குகிறேன். அவர் அந்தத் தீவைப் பார்த்ததில்லை. காஞ்சிபுரத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிக்கு ஆட்களை ஏற்றிப்போகும் பஸ்ஸின் டிரைவர் அவர். பண்ணைக் கூலிகளாக இருந்து கிறிஸ்தவர்களான குடும்பம். மனைவி இறந்துவிட்டாள். ஒரே மகள் லில்லி.

2

தேவசகாயத்தின் தாத்தாவுக்குத் தாத்தா ஆரோக்கியம். அவர் மூன்று வயதுப் பிள்ளையாக இருந்தபோது, பெற்றவள் அவரை விட்டுவிட்டு எவனோடோ போய்விட்டாள் என்று அந்த வீட்டில் பேச்சு. அவளுக்குப் பேரில்லை. 'ஓடிப்போனவ' என்றுதான் சொல்வார்கள். அடங்காத பெண்பிள்ளைகளைத் திட்டவும் அதே சொல்தான்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் லில்லி, நெசவாளர் வீட்டுப் பையன் சிவபாலனைக் கல்யாணம் செய்துகொண்டு வந்து வாசலில் நின்றாள். தேவசகாயம் தெருவே கேட்கக் கத்தினார். "அந்த ஓடிப்போனவ ரத்தம்தானே உன் உடம்புல ஓடுது! போ, அவள மாதிரியே போ."

லில்லி அப்போது ஐந்து மாதம் கர்ப்பம்.

(இந்த இடத்தில் தேவசகாயத்தை எனக்குச் சுத்தமாகப் பிடிக்காமல் போயிற்று. அந்த வசனத்தை எடுத்துவிட்டு, அவர் பேசாமல் கதவைச் சாத்தியதாக மாற்றினேன். யோக்கியராகத் தெரிந்தார். பொய்யாகவும் இருந்தது. திரும்ப எழுதிவிட்டேன்.)

3

போன மார்ச்சில் பங்குச் சாமியார், பழைய ஞானஸ்நானப் பதிவேட்டில் ஆரோக்கியத்தின் வம்சத்தைத் தேடிப் பிடித்து, தேவசகாயத்தைக் கூப்பிட்டனுப்பினார். போனால், ஆலய அலுவலகத்தில் அனுவும், பஞ்சுபோல் நரைத்த தலையோடு ஒரு வெளிநாட்டு அம்மாளும் உட்கார்ந்திருந்தார்கள். நிறமும் முகவெட்டும் தேவசகாயத்தின் அத்தையை அப்படியே உரித்து வைத்திருந்தன. பிரெஞ்சு ஆட்சியிலுள்ள ரீயூனியன் தீவிலிருந்து வந்தவர், சொலேன் குப்பமா. பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர்.

"குப்பமா இவங்க குடும்பப் பேருங்க ஐயா" என்றாள் அனு. "கூலியா கப்பலேறிப் போன பாட்டியோட பேரு. குப்பம்மா. அங்க போனப்புறம் அவங்களுக்குப் பொறந்த பிள்ளைங்களுக்கு அதுவே குடும்பப் பேரா ஆயிடுச்சு."

மேஜைமேல் பழுப்பேறிய ஒரு கடிதம் கிடந்தது. தீவிலிருந்த பாதிரியார் ஒருவர் 1864இல் இங்கிருந்த மிஷனுக்கு எழுதியது. பிரெஞ்சில் இருந்ததால் யாரும் படிக்காமல் பெட்டியிலேயே கிடந்திருக்கிறது. அனு தமிழில் சொல்லச் சொல்ல தேவசகாயம் நின்றுகொண்டே கேட்டார்.

'விதவை குப்பம்மாள் கேட்டுக்கொண்டபடி எழுதுகிறேன். காய்ச்சலில் கிடந்த மகன் ஆரோக்கியத்தை அடுத்த கப்பலில் ஏற்றி அனுப்புவதாகக் கணவனின் அண்ணன் சொன்னதை நம்பி இவள் பாண்டிச்சேரியில் கப்பலேறினாள். இங்கே கப்பல் வரும்போதெல்லாம் துறைக்குப் போய் நிற்கிறாள். இதுவரை ஏழு கப்பல் வந்துவிட்டது. பிள்ளை உயிரோடு இருக்கிறானா என்று மட்டுமாவது'

அதற்கு மேல் தாளைக் கரையான் தின்றிருந்தது.

"பேரு இன்னான்னு சொன்னம்மா?" என்றார் தேவசகாயம்.

"குப்பம்மா."

அவர் அதை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார்.

சொலேன் ஏதோ கேட்டார். அனு திருப்பிச் சொன்னாள்: "உங்க வீட்ல அவங்களப் பத்தி என்ன சொல்லுவாங்கன்னு கேக்குறாங்க."

தேவசகாயம் ஜன்னல் பக்கம் பார்த்தார். "நல்லவங்கன்னு சொல்லுவாங்க. ஆரோக்கியம் சாவுற வரிக்கும் ஆத்தா வந்துடுவான்னு பாத்துக்கினே இருந்தாரு. அப்படிச் சொல்லுமா."

அனு சொன்னாள். சொலேன் எழுந்து வந்து அவர் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதார். தேவசகாயம் கையை உருவிக்கொள்ள முடியாமல் நின்றார்.

4

சொலேனை விடுதியில் இறக்கிவிட்டு, தேவசகாயத்தைக் கொண்டுபோய்விடத் தன் காரைத் திருப்பினாள் அனு. கொஞ்ச தூரம் போனதும் தேவசகாயம் சொன்னார்: "நான் சொன்னது பொய்மா. எங்க வூட்ல அவ பேரக்கூட வெச்சிக்கல." பிறகு லில்லியைச் சொன்ன சொல்லையும் சொன்னார்.

அனு கேட்டாள்: "இப்ப எங்க இருக்காங்க?"

"சின்ன காஞ்சிபுரம்தான். வூடு தெரியும். நான் போனதில்ல. அங்க உட்டுடுறியாமா?" என்றார்.

5

தெருமுனையில் இறங்கி நடந்தார். நாலாவது வீட்டில் கம்பிக் கதவு. உள்ளே தறிச் சத்தம். ஐந்து வயதுப் பெண் குழந்தை எட்டிப் பார்த்து, "யாரு நீ?" என்றது. தறிச் சத்தம் நின்றது. லில்லி வந்தாள். அனு பார்த்தது அவ்வளவுதான். பின்னால் ஆட்டோக்காரர் ஹாரன் அடிக்க, காரை எடுக்க வேண்டியதாயிற்று.

நான் ஒரு முடிவு எழுதினேன். லில்லி அழுதபடி கதவைத் திறக்கிறாள். படித்துப் பார்த்தேன். அது என் ஆசை. அவளுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இன்னொன்று எழுதினேன். அவர் குப்பம்மாவின் கதை முழுவதையும் சொல்கிறார். லில்லி கம்பியைப் பிடித்தபடி கேட்டுவிட்டு, "அவ ஓடலன்னு காயிதம் வந்தப்புறந்தான் என் நெனப்பு வந்துச்சா? அவ நெஜமாவே ஓடியிருந்தா, நான் அப்படியே கெடந்திருக்கணுமா?" என்கிறாள். மூன்று நாள் யோசித்தும் என்னால் இதற்கு அவருக்கு ஒரு பதில் எழுதித் தர முடியவில்லை.

அனுவுக்குப் போன் செய்து, அப்புறம் என்ன ஆயிற்று என்று விசாரிக்கலாம். செய்யப்போவதில்லை. அவர் வெளியே நிற்கிறார், அவள் உள்ளே நிற்கிறாள், குழந்தை இருவரையும் மாறிமாறிப் பார்க்கிறது. நீங்கள் லில்லியாக இருந்தால் என்ன செய்வீர்களோ, அதை எழுதிக்கொள்ளுங்கள். அவரைப் பார்த்துப் பரிதாபப்பட்டு மட்டும் எழுதாதீர்கள்.